பரணில் உறங்கும் கணினியை எழுப்புவோம்!



வேதாரண்யத்திலும் அதனை அடுத்துள்ள தோப்புத்துறையிலும் வாழும் நமக்கு உப்பின் குணத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் விளையும் உப்பு பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அதே உப்பைச் சுமந்து வரும் கடற்காற்று சன்னல் கம்பியை அரிக்கிறது, பூட்டில் துருவேற்றுகிறது. பரணில் துணி சுற்றி வைக்கப்பட்ட மின்கருவிகளையும் அது விட்டுவைப்பதில்லை. 1980களில் அரபு நாடுகளுக்குச் சபர் சென்ற வாப்பாமார் கொண்டுவந்த பொருள்களுள் ஒரு விசைப்பலகைக் கணினியும், சில சதுர பிளாப்பி வட்டுகளும் உங்கள் இல்லத்தில் இருக்குமாயின், இக்கட்டுரை உங்களுக்கே உரியது.

அரபு பேசிய கணினி

1983ஆம் ஆண்டு ஜப்பானின் ஆஸ்கி நிறுவனமும் அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனமும் இணைந்து எம்.எஸ்.எக்ஸ். எனும் வீட்டுக் கணினி முறையை அறிவித்தன. பல நிறுவனங்கள் தயாரித்தாலும் ஒன்றின் மென்பொருள் மற்றொன்றில் இயங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். குவைத்தைச் சேர்ந்த மர்ஹூம் முஹம்மது அல்-ஷாரிக் அவர்கள் 1982இல் நிறுவிய அல்-ஆலமிய்யா நிறுவனம் இம்முறையைத் தேர்ந்து, ‘ஸக்ர்’ என்னும் பெயரில் அரபு விசைப்பலகை கொண்ட கணினிகளை வெளியிட்டது. யமஹா, சான்யோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் அவற்றைத் தயாரித்துத் தந்தன. வலமிருந்து இடமாக அரபியில் எழுதவும், திருக்குர்ஆனைத் திரையில் தேடிப் படிக்கவும் வழி பிறந்தது. 1990இல் குவைத் மீது நடந்த படையெடுப்புக்குப் பின் நிறுவனம் கெய்ரோவுக்குப் பெயர்ந்தது. இப்பணிக்காக 2021இல் மன்னர் பைசல் விருது பெற்ற அல்-ஷாரிக் அவர்கள் 2024இல் இறையடி சேர்ந்தார்கள்.

முதலில் பழுதாவது எது?

இத்தகைய கணினிகளின் மின்சுற்றுகள் பெரும்பாலும் நீடித்து உழைக்கின்றன. முதலில் கைவிடுவது பிளாப்பி டிரைவேயாகும். அக்காலத்து டிரைவுகள் பலவற்றில் வட்டைச் சுழற்றுவது ஒரு மெல்லிய ரப்பர் பட்டி. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தளர்ந்துவிடும் அல்லது பிசின்போல் உருகி ஒட்டிக்கொள்ளும். நம் கடலோர வெப்பமும் ஈரமும் அதனை விரைவுபடுத்துகின்றன. அதே டிரைவைப் புதிதாகக் கடையில் வாங்க இயலாது. பிளாப்பி வட்டுத் தயாரிப்பையே சோனி நிறுவனம் 2011இல் நிறுத்திவிட்டது.

ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. 1990களில் வந்த சாதாரண பி.சி.களின் 3½ அங்குல டிரைவுகள் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் ரப்பர் பட்டி இல்லை. மோட்டாரே வட்டை நேராகச் சுழற்றுகிறது. கேபிளும் அதே 34 முனைகளைக் கொண்டது. எனினும் அப்படியே பொருத்தினால் இயங்காது. காரணங்கள் இரண்டு.

முதலாவது, டிரைவின் எண். ஒரே கேபிளில் பல டிரைவுகளை இணைக்க முடியும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பழைய வீட்டுக் கணினி தன் முதல் டிரைவைச் சுழிய எண்ணால், 10ஆம் முனை வழியாக அழைக்கும். பி.சி. டிரைவோ ஒன்றாம் எண்ணாகவே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டு, 12ஆம் முனையில் அழைப்புக்குக் காத்திருக்கும். பெயர் மாற்றி அழைத்தால் எவர் திரும்பிப் பார்ப்பார்? டிரைவின் அடிப்பலகையில் டி.எஸ்.0, டி.எஸ்.1 எனக் குறித்த ஜம்பர் இருப்பின் அதனைச் சுழியத்திற்கு மாற்றுங்கள். இல்லையேல் கேபிளில் 10, 12ஆம் கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றி இணையுங்கள். பி.சி.க்குரிய முறுக்குக் கேபிளைத் தவிர்த்து நேரான கேபிளையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, 34ஆம் முனை. ‘வட்டு ஆயத்தம்’ என்னும் செய்தியைப் பழைய கணினிகள் பல இதில் எதிர்பார்க்கும். பி.சி. டிரைவோ ‘வட்டு மாற்றப்பட்டது’ என்னும் வேறு செய்தியை இதில் அனுப்பும். டிரைவில் ஆர்.டி.ஒய். என்னும் ஜம்பர் இருந்தால் அதனை இணைத்தாலே போதும். இல்லாவிடில் டிரைவுக்குச் செல்லும் 34ஆம் கம்பியைத் துண்டித்து, கணினிப் பக்கத்து நுனியை 33ஆம் முனையாகிய தரைக்கம்பியுடன் இணைப்பர். கணினி, வட்டு எப்போதும் ஆயத்தம் என எடுத்துக்கொள்ளும்.

இனி மின்சாரம். 3½ அங்குல பி.சி. டிரைவுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் இயங்குபவை. ஆனால் பழைய கணினியின் மின் இணைப்பில் கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். கம்பியின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்த பின்னரே இணையுங்கள். இயக்கியவுடன் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டுள்ளது என்பது பொருள். உடனே நிறுத்தித் திருப்பிச் செருகுங்கள். மின்பகுதியைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் அனுபவசாலி ஒருவரை உடன் வைத்துக்கொள்வதே நலம்.

வட்டைச் செருகுமுன்

எம்.எஸ்.எக்ஸ். வட்டின் கொள்ளளவு 720 கிலோபைட். 80 தடங்கள், இரு பக்கங்கள், தடத்திற்கு 9 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட் என்பது கணக்கு. பி.சி.யின் டாஸ் முறையிலேயே கோப்புகள் அடுக்கப்பட்டிருப்பதால், யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவைக் கொண்டு இன்றைய கணினியிலும் பெரும்பாலான வட்டுகளைப் படித்து நகல் எடுக்கலாம். அவ்வாறாயின் பழைய கணினி எதற்கு என்று வினவுவீர்கள். அக்காலக் கணினிகள் அரபு எழுத்துகளைத் தத்தம் சொந்தக் குறியீட்டிலேயே பதிந்து வைத்தன. கோப்பு நகலாகிவிடும், ஆனால் இன்றைய திரையில் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும். எழுதியவர் கண்டவாறே காண, எழுதிய கருவியே உதவும்.

நம் பகுதியின் ஈரக்காற்றில் வட்டின் மீது பூஞ்சை படர்வது இயல்பு. உலோக மூடியை நகர்த்தி வட்டைச் சுற்றிப் பாருங்கள். வெண்புள்ளிகள் தென்பட்டால் செருகாதீர்கள். அது டிரைவின் தலைப்பகுதியையும், அடுத்து வரும் நல்ல வட்டுகளையும் கெடுத்துவிடும். எழுத்துத் தடுப்புத் துளையைத் திறந்து வைத்த பின்னரே படியுங்கள். அப்போது தவறுதலாக எதுவும் அழியாது. படித்தவுடன் இரண்டு நகல்கள் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நம் கரையைக் கடந்த இரவில் கூரையோடு போனவை எத்தனை என்பதை நாம் மறக்கவில்லை.

அமானிதம்

யமாமா போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்ர் (ரலி) அவர்கள் திருமறையை ஒன்றுதிரட்டும் பணியை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பேரீச்ச மட்டைகளிலும் கல்துண்டுகளிலும் மனிதர்களின் நெஞ்சங்களிலும் இருந்தவை ஏடுகளில் ஒன்று சேர்ந்தன. அப்பெரும் பணியோடு நம் சிறு முயற்சியை ஒப்பிட இயலாது. ஆயினும் எழுதப்பட்ட பொருள் அழியுமுன் எழுத்தை வேறொன்றுக்கு மாற்றிவிட வேண்டும் என்னும் பாடம் நமக்கும் உரியதே.

மர்ஹூமாகிவிட்ட ஒரு வாப்பா தம் பிள்ளைகளுக்கென எழுதி வைத்த கடிதமோ, கொடுக்கல் வாங்கல் கணக்கோ அந்த வட்டில் இருக்கலாம். கடன் பற்றிய குறிப்பு இருந்தால் அதனை அறிந்து தீர்ப்பது வாரிசுகளின் கடமையும் ஆகும். எனவே பழைய இரும்புக் கடைக்கு எடை போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். தமக்கு விடப்பட்ட அமானிதத்தைப் பேணிக் காப்போராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.