உங்களுக்குத் தெரியுமா? கத்தி எட்டாத இடத்தில் கீமோ

● உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ. குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வெளியுறை இதன் பெரும்பகுதிக்குக் கிடையாது. அதனால் புற்றுக்கட்டி வளர்ந்தால், ஒட்டியிருக்கும் மூச்சுக்குழாய்க்கும் பெருந்தமனிக்கும் தாவுவது எளிது. தாவிவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு வழியில்லை.

● ஆபரேஷன் இல்லையென்றால் வைத்தியமே இல்லை என்று பொருளல்ல. நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவாதவர்களிடம் 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 'கரண்ட்' எனப்படும் கதிர்வீச்சு மட்டும் வைத்துக்கொண்டவர்களில் 5 ஆண்டு தாண்டியவர் ஒருவருமில்லை. கூடவே சிஸ்பிளாட்டின், ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்துகளும் ஏற்றிக்கொண்டவர்களில் சுமார் நால்வரில் ஒருவர் தாண்டினார்.

● அப்படியானால் கரண்டைக் கூட்டினால் பலனும் கூடுமா? கூடவில்லை. கீமோவோடு சேர்த்து 50.4 கிரே, 64.8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அலகு) என இரு அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவு பெற்றவர்கள் அதிக நாள் வாழவில்லை. அந்த முடிவு வெளியானது 2002-ல்.

● சிஸ்பிளாட்டின் தற்செயலாகக் கிடைத்த மருந்து. அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியா இருந்த திரவத்தில் மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியா பிரியாமல் நூலாக நீண்டன. காரணம் மின்சாரமல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்! அவர் அதை வெளியிட்ட ஆண்டு 1965.

● பிளாட்டினம் குடும்பத்தில் முக்கியமானவர்கள் மூவர். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பதம்பார்க்கும்; அதனால்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுகிறார்கள். கார்போபிளாட்டின் ரத்த அணுக்களைக் குறைக்கும். ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்கு ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டாலே விரல் சுருக்கென்னும். ஐஸ் தண்ணீர் தொண்டையைப் பிடிக்கும்.

● கார்போபிளாட்டினோடு வாரம் ஒருமுறை ஜோடி சேரும் பாக்லிடாக்செல், முதலில் ஒரு மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. பசிபிக் யூ என்பது அந்த மரத்தின் பெயர்.

● ஃபுளூரோயுராசிலுக்கு மாத்திரைத் தம்பி உண்டு: கேப்சிடபின். விழுங்கியதும் உடலுக்குள் ஃபுளூரோயுராசிலாக மாறும். ஆனால் கஞ்சியே இறங்காதவருக்கு மாத்திரை எப்படி இறங்கும்? அவருக்கு நரம்பு வழிதான்.

● நோய் உடலின் மற்ற இடங்களுக்குப் பரவியிருந்தால் மருந்தைத் தீர்மானிப்பதில் திசுப் பரிசோதனைக்குப் பெரிய பங்குண்டு. சுரப்பித் திசுவில் தோன்றும் அடினோ வகைப் புற்றில் ஹெர்2 புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் சேர்ப்பார்கள். பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளைக் கீமோவோடு கொடுப்பது 2021-க்குப் பிறகு பரவலானது.

● கீமோ பலித்து, விழுங்க வழி திறக்கச் சில வாரங்கள் பிடிக்கலாம். அதுவரை பொறுக்க முடியாதவருக்கு உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பதுண்டு. ஆகவே டாக்டர் "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், உபசாரக் கேள்வி என்று நினைக்காதீர்கள். இட்லி இறங்கியதா, கஞ்சி மட்டும்தானா என்பதைப் பொறுத்தும் சீட்டில் எழுதும் மருந்து மாறும்.