படிமுறைப் பாடமும் அண்ணன் கொடுத்த கோப்பும்

கணினியியல் பயிலும் நம் மாணவர்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் ஒரு பாடத்தைக் கண்டு அஞ்சுவதுண்டு. படிமுறைகளின் வடிவமைப்பும் பகுப்பாய்வும் என்பது அதன் பெயர். வகுப்பில் எல்லாரும் ‘அல்காரிதம்’ என்றே சொல்வோம். முதல் விரிவுரையன்று கொடுக்கப்படும் தாளில் பாடத்தைவிட விதிகளே அதிகம் இருப்பதுபோல் தோன்றும். நிரலை மட்டும் எழுதிக் கொடுத்தால் முழுப் புள்ளி கிடையாது; நண்பர்களோடு கலந்து பேசலாம், ஆனால் விடையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்; யாரோடு பேசினீர்கள் என்று பெயர் குறிப்பிட வேண்டும்; காலக்கெடு கடந்த இடுபணி ஏற்கப்படாது. பெரும்பாலோர் இத்தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவர். நானும் அதைத்தான் செய்தேன். அதன் விளைவைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், ‘நிரூபித்துக் காட்டு’ என்ற விதி. முதலாம் ஆண்டு நிரலாக்கப் பாடத்தில் நிரல் ஓடி, சரியான விடை வந்தால் போதும். இங்கே அது போதாது. ஏன்?

கடைக்காரர் ஒருவர் வாடிக்கையாளருக்கு 60 சென் மீதம் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாணயங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய நாணயத்தை எடுப்பது எளிய வழி: ஒரு 50, ஒரு 10. நம் 50, 20, 10, 5 சென் நாணயங்களுக்கு இவ்வழி எந்தத் தொகைக்கும் சரியாகவே வரும். ஆனால், கல்லாவில் 10 சென்னும் 5 சென்னும் தீர்ந்துபோன நாளில் அதே கடைக்காரர் 50 சென்னை எடுத்துவிட்டு, மீதி 10 சென்னுக்கு விழித்துக்கொண்டு நிற்பார். மூன்று 20 சென் கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். வழிமுறை மாறவில்லை, நாணயங்கள்தாம் மாறின. ‘பத்துத் தொகைகளுக்குச் சோதித்தேன், எல்லாம் சரியாக வந்தது’ என்று எழுதும் மாணவருக்கு விரிவுரையாளர் ஏன் புள்ளி கொடுப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

இது மாணவர்களின் பிழை மட்டுமன்று. வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடும் இருமத் தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் சொல் தேடுவதுபோன்ற எளிய முறைதான். அது முதன்முதலில் 1946 இல் வெளியானது என்றும், எல்லா அளவுப் பட்டியலுக்கும் பொருந்தும் வடிவம் 1960 வரை வெளிவரவில்லை என்றும் டொனால்ட் கனூத் குறித்துள்ளார். அதோடு முடியவில்லை. ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த இருமத் தேடலில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை ஒளிந்திருந்ததை 2006 இல் ஜோஷுவா புளோக் வெளிப்படுத்தினார். அதை எழுதியவரும் அவரேதான்! நடு இடத்தைக் காண இரண்டு எண்களைக் கூட்டும்போது, மிகப் பெரிய பட்டியலில் அக்கூட்டுத்தொகை 2,147,483,647 என்ற எல்லையைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். அம்முறைக்கு ஜான் பென்ட்லி தம் நூலில் நிரூபணமும் கொடுத்திருந்தார். எண்ணுக்கு எல்லை உண்டு என்பதை அந்த நிரூபணம் கணக்கில் கொள்ளவில்லை. ஆகவேதான், நிரூபணம் எழுதும்போது எவற்றை உண்மையென்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் எழுதச் சொல்கிறார்கள்.

அடுத்தது, நம் மாணவர்களை அதிகம் குழப்பும் விதி: பேசலாம், ஆனால் தனியாக எழுத வேண்டும். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இதற்குக் ‘கில்லிகன் தீவு விதி’ என்று ஒரு பெயர் உண்டு. 1960களில் அமெரிக்காவில் ஓடிய நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் பெயர் அது. நண்பர்களோடு பலகையில் எழுதிப் பேசலாம். ஆனால், குறிப்பு எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அரை மணி நேரம் அத்தொடரைப் போல மூளைக்கு வேலையே இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தனியே உட்கார்ந்து எழுத வேண்டும். (நமக்கு மாலை நேரத் தமிழ்த் தொடர்கள் போதும்.) அரை மணி நேரத்திற்குப் பிறகும் நினைவிலிருந்து எழுத முடிந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று பொருள்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அங்கு ஜெஃப் எரிக்சன் நடத்திய படிமுறைப் பாடத்தில், விடை தெரியாத வினாவுக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று மட்டும் எழுதினால் 25 விழுக்காட்டுப் புள்ளி கிடைத்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் இரண்டு பக்கம் எழுதினால் அதுகூடக் கிடைக்காமல் போகலாம். நூல், இணையம், நண்பர் என எதையும் பயன்படுத்த அவர் அனுமதித்தார். ஆனால், பயன்படுத்திய ஒவ்வொன்றையும் குறிப்பிட்டு, சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். அவருடைய பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இனி, என் கதை. இரண்டாம் ஆண்டில் நம் பேரவையைச் சேர்ந்த ஓர் அண்ணன் என்னை விடுதி அறைக்கு அழைத்து, தடித்த நீலநிறக் கோப்பு ஒன்றைக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளின் இடுபணி விடைகள் அதில் இருந்தன. “இதை வெச்சுக்க தம்பி, நம்ம பிள்ளைங்க யாரும் பின்தங்கக் கூடாது” என்றார். அந்த அன்பில் எந்தக் கள்ளமும் இல்லை. அவருக்கும் முன்பு ஓர் அக்கா அப்படித்தான் கொடுத்திருந்தாராம். நான் விடைகளைப் படித்து, மாறிகளின் பெயர்களை மாற்றி எழுதினேன். (பெயரை மாற்றினால் தப்பலாம் என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி: 1994 இல் பெர்க்லியில் உருவான ‘மாஸ்’ என்னும் ஒப்பீட்டு மென்பொருள் நிரலின் அமைப்பைத்தான் பார்க்கிறது, பெயர்களை அல்ல.) நான் பிடிபடவில்லை. இடுபணிகளில் ஏறக்குறைய முழுப் புள்ளிகள். இறுதித் தேர்வு மண்டபத்தில் ஐந்து வினாக்கள் இருந்தன. ஒன்றுக்குக்கூட எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பாடத்தை மறுபடியும் எடுத்தேன். பட்டமளிப்பு ஓராண்டு தள்ளிப்போனது. தோட்டத்திலிருந்து வந்து படிக்க வைத்த அப்பாவிடம் அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு நீலக் கோப்புக்கு வேலை இல்லை என்று நினைக்கலாம். அதுவும் கோப்புதான், கேட்டவுடன் நிரம்பும் கோப்பு. சில விரிவுரையாளர்கள் அதைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கிறார்கள், சிலர் முற்றாகத் தடுக்கிறார்கள். உங்கள் பாடத்தில் எது என்பது நீங்கள் மடித்து வைத்த அந்தத் தாளில் இருக்கும்.

பேரவை இளையோர் இப்போதும் என்னிடம் கோப்பைக் கேட்கிறார்கள். வினாத்தாள்களை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். மாமாக் கடையில் தே தாரிக்கோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, துண்டுத்தாளில் படம் போட்டுப் பேசுகிறோம். எழும்பும்போது தாளை நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை, ஒரு தங்கை கோபித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவர் அனுப்பிய விடையில் நான் சொல்லாத ஒரு வழி இருந்தது. அதில் ஒரு பிழையும் இருந்தது. அதைப் பற்றித்தான் அடுத்த வாரம் பேசினோம்.