கடலடி இருளில் ஒரு மணவாழ்க்கை

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் வாழும் தமிழர், மீன் உண்ணாதவரே ஆயினும், மீனைப் பற்றிய பேச்சினின்று தப்ப இயலாது. அங்காடிக்கு ஒருநாளும் வாராத மீன் ஒன்றைப் பற்றி இங்கே கூறுவோம். அதன் கதைக்கும் இந்நகருக்கும் தொடர்பு உண்டு. சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பை 1893-இல் ஏற்ற ஆல்காக் என்னும் மருத்துவர், அதற்கு முன் ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற அளவைக் கப்பலில் இயற்கையியலாராக இருந்தவர். வங்காள விரிகுடாவின் ஆழத்தில் அகப்பட்ட தூண்டில் மீன் ஒன்றை 1890-இல் அவர் விவரித்தார்.

ஆயிரம் மீட்டருக்குக் கீழே கதிரவன் ஒளி எட்டுவதில்லை. அவ்விருளில் பெண் மீன் தன் தலைமீதுள்ள முதுகுத் துடுப்பு முள்ளையே தூண்டிற்கோலாக நீட்டுகிறது. அதன் நுனியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஒளி வீசுகின்றன. இரை தானே தேடி வருகிறது.

ஆண் மீன் எங்கே? நெடுங்காலம் எவரும் அறியார். பெரிய பெண் மீனொன்றின் உடலில் ஒட்டியிருந்த இரு சிறு மீன்களை ஐஸ்லாந்து அறிஞர் சேமுண்ட்சன் 1922-இல் குஞ்சுகள் என்றே எண்ணினார். அத்தகைய சிறுமீனை அறுத்து ஆராய்ந்த இலண்டன் அறிஞர் டேட் ரீகன், அது முதிர்ந்த ஆணே என்று 1925-இல் காட்டினார். தாயை ஒட்டிய சேய் என்று கருதப்பட்டது கணவனாக முடிந்தது!

பெண்ணைக் கண்டதும் ஆண் பல்லால் பற்றிக்கொள்கிறது. தோலோடு தோல் இணைகிறது; குருதிக் குழாய்களும் ஒன்றாகின்றன. பின்னர் அதற்கு உணவு பெண்ணின் குருதியே. எல்லா இனங்களிலும் இவ்வாறு இல்லை. சிலவற்றில் ஆண் சிறிது காலம் பற்றியிருந்து விலகிவிடும். ஆல்காக் கண்ட மீனின் குடும்பத்திலும் நிலையாக ஒட்டிய ஆண் காணப்பட்டதில்லை.

இங்கே மருத்துவர்களை வியக்கவைக்கும் செய்தி ஒன்றுண்டு. பிறர் சிறுநீரகத்தைப் பெற்ற நோயாளியின் உடல் அதை அயலானென்று தாக்கும். அதைத் தடுக்க அவர் நாள்தோறும் மருந்து உண்ண வேண்டும். இம்மீன் மட்டும் அயலுடலை எவ்வாறு ஏற்கிறது? 2020-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி விடை தந்தது: நிலையாக இணையும் இனங்கள், அயல் திசுவை அறிந்து தாக்குவதற்குரிய மரபணுக்கள் பலவற்றை இழந்துவிட்டன. நம்மில் ஒருவர் அவற்றை இழந்து பிறப்பின் எளிய நோய்த்தொற்றும் உயிர்க்கு இறுதியாகும். இம்மீன்களோ வாழ்கின்றன. பிறவியிலேயே அமைந்த பொதுவான எதிர்ப்பாற்றல் அவற்றுக்கு வலுப்பெற்றிருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. அது எவ்வாறு என்பதையே இன்று ஆராய்கின்றனர்.