திண்ணையில் ஆர்க்கிட்: மண் வேண்டாம், காற்று வேண்டும்

நாற்றுப் பண்ணையில் நல்ல விலை கொடுத்துப் பூவோடு வாங்கி வந்த ஆர்க்கிட் செடி, சில மாதங்களிலேயே அழுகிப் போய்விட்டது என்று பலரும் குறைப்படுகின்றனர். பெரும்பாலும் இது ரோஜாவுக்குச் செய்வதைப் போலவே செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பிய தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதன் விளைவாகும்.

வீடுகளில் வளர்க்கப்படும் ஆர்க்கிட் வகைகளில் பல, இயற்கையில் மரக்கிளைகளின் மேல் வளர்பவை. தமிழகத்து மாமரங்களிலும் வாண்டா என்னும் ஆர்க்கிட் தொற்றி வளர்வதுண்டு. புல்லுருவி என்று எண்ணி இதை வெட்டி எறிவோரும் உள்ளனர். புல்லுருவி மரத்தின் சத்தை உறிஞ்சும். ஆர்க்கிட்டுக்கோ கிளை வெறும் இருப்பிடமே. இதன் வேர்களின் மேல் பஞ்சு போன்ற உறை உண்டு. மழை ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டு, பிறகு காற்றில் உலர்ந்துவிடும். மண்ணில் புதைத்தால் உலர வழியில்லை. காற்றின்றி வேர் அழுகும்.

சமவெளிக்கு ஏற்றது டென்ட்ரோபியம். அகன்ற இதழ்களைக் கொண்ட ஃபெலனாப்சிஸ் கண்ணைக் கவரும்தான். ஆனால் பூங்கதிர் விட, சில வாரங்களுக்கு இரவுக் குளிர் தேவை. ஏற்காடு போன்ற மலைப்பகுதியினர் அதை முயன்று பார்க்கலாம்.

பக்கங்களிலும் துளையுள்ள மண் தொட்டியில் ஓட்டாஞ்சில்லு, அடுப்புக்கரித் துண்டு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றை நிரப்ப வேண்டும். மட்டையை மூன்று நாட்கள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிச் சாயத்தை இறக்கிவிடுவது அவசியம். தண்டின் அடிப்பாகம் புதையாமல் வைத்துக் குச்சியில் கட்டவும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை நீர் ஊற்றுவது என்பதற்குக் கணக்குக் கிடையாது. வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளிபோல் வெளுத்திருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். கோடையில் தினமும் தேவைப்படலாம். ஐப்பசி அடைமழையில் பல நாட்கள் தேவையே இராது. காலையில் ஊற்றுவதே நல்லது. கிணற்று நீர் உப்பாயிருந்தால் மழைநீரைச் சேமித்து வைத்து ஊற்றவும்.

பாதி நிழல் போதும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் குறைவு, பூ வராது. மஞ்சளித்துக் கருகினால் வெயில் அதிகம். நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கலந்து வாரம் ஒரு முறை தெளிக்கலாம். புண்ணாக்கைத் தொட்டியில் போட்டு அடைக்க வேண்டாம். இலையுதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்துவிட்டதென்று வெட்டிவிடுகிறார்கள், இது தவறு. பச்சையாக உள்ளவரை அது புதுத் தளிருக்கு நீரும் உணவும் கொடுக்கும், சில சமயம் பூக்கவும் செய்யும்.

அழுகல் கண்ட செடியையும் ஓரிரு நல்ல வேர்கள் மிஞ்சியிருந்தால் காப்பாற்ற முடியும். தொட்டியிலிருந்து எடுத்து, பழுப்பாகிக் கொழகொழத்த வேர்களைத் தீயில் காட்டிய கத்தியால் நீக்கி, லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்த கரைசலில் நனைத்து, ஒரு நாள் நிழலில் உலரவிட்டுப் புதுக் கரித்துண்டுகளில் நடவும். புது வேர் நுனி தலைகாட்டும்வரை உரம் கொடுக்கலாகாது.