மெழுகு வாங்கிக் கொடுத்த நிலம்

விசைத்தறி ஊரான எங்கள் சோமனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பையனோ பெண்ணோ நன்றாகப் படம் வரைந்தால், வந்துபோகும் உறவுக்காரர்கள் இரண்டு வாக்கியம் சொல்வார்கள். முதலாவது, “கை நல்லா ஓடுதுங்க.” இரண்டாவது, “ஆனா, இதை வெச்சு என்னங்க பண்றது?” கலை தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி என்று இந்த இரண்டாவதைப் பலர் ஒதுக்கிவிடுவார்கள். கோவையில் பிறந்த ஓர் ஓவியர் அதை ஒதுக்கவில்லை. பதில் கண்டுபிடிக்க அவர் மெழுகைக் காய்ச்சினார், துணியில் சாயம் ஏற்றினார், கடைசியில் கடலோரத்தில் நிலமே வாங்கினார்.

அவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911 மே 31 அன்று கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. பன்னிரண்டு வயதிலேயே வண்ணத்தில் நிலக்காட்சிகள் தீட்டினார். பதினேழு வயதில் சென்னை ஓவியக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அப்பா இறந்துபோக, குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்தது. படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னைக் கலைப்பள்ளியின் வாசலை மிதித்தது 1936இல், இருபத்தைந்தாம் வயதில். மற்றவர்கள் படித்து முடித்து வெளியேறும் வயது அது.

1850இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அப்போது அதன் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944இல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் பள்ளியின் முதல்வரும் ஆனார். நாற்காலி கிடைத்ததும் தூரிகையைக் கீழே வைத்தவர்கள் கலைத்துறையில் நிறைய உண்டு. பணிக்கரின் பெயர் இன்று நிலைத்திருப்பது பெரும்பாலும் அந்த நாற்காலிக்குப் பிறகு வரைந்த படங்களால்தான்.

எல்லாம் ஒரு கணக்கு நோட்டிலிருந்து வந்தது என்பார்கள். வணிகம் படிக்கும் மாணவர் ஒருவரின் நோட்டுப் பக்கம் பணிக்கர் கண்ணில் பட்டது. அதிலிருந்த எண்களும் எழுத்துகளும் கோடுகளும் பொருள் கழன்று, வெறும் வடிவங்களாக அவருக்குத் தெரிந்தன. 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்கள் பிறந்தன. ஜாதகக் கட்டம், மலையாள எழுத்தைப் போலத் தோன்றி எதையும் சொல்லாத எழுத்து, நடுநடுவே மீன், பறவை, மனித உருவம். படிக்கப் போனால் படிக்க முடியாது, பார்க்கத்தான் முடியும். ஐரோப்பிய நவீனத்தைப் பார்த்து வந்தவர், இந்திய ஓவியன் எந்த மொழியில் வரைவது என்ற தன் கேள்விக்கு ஐம்பத்திரண்டு வயதில் கண்ட பதில் இது.

ஆனால் சோமனூர்க்காரனான எனக்கு அவருடைய இன்னொரு கணக்கும் இதே அளவு முக்கியமாகப் படுகிறது. முதல்வராக ஆண்டுதோறும் திறமைசாலிகளை அவர் வெளியே அனுப்பினார். வெளியே போனவர்களுக்கு என்ன இருந்தது? படம் வாங்குவோர் சென்னையில் சொற்பம். விளம்பர நிறுவனம், ஏதாவதொரு அலுவலகம் என்று ஒதுங்கி, சில ஆண்டுகளில் வரைவதையே நிறுத்திவிடுவார்கள். பணிக்கரும் மாணவர்களும் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். உருகிய மெழுகால் துணியில் படம் எழுதி, சாயத்தில் முக்கி, பிறகு சுடுநீரில் மெழுகைக் கழற்றும் பாத்திக் வேலை நன்றாக விற்றது. மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது; மெழுகு வெடித்த இடத்தில் மெல்லிய நரம்புபோல ஏறும். அந்த வருமானத்தில் சென்னையை ஒட்டிய கடலோர ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். நாளில் ஒரு பகுதி வயிற்றுக்கான கைவேலை, மிச்சம் தன் ஓவியத்துக்கு, தன் சிற்பத்துக்கு. அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பல்ல அது.

நம்மூர் விசைத்தறியை வைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். இங்கே பெரும்பாலான தறிக்காரருக்குத் தறி சொந்தம், குடோன் சொந்தம், உழைப்பும் சொந்தம். பாவும் ஊடையும் மட்டும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திவைப்பதும், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், ஒப்பந்தப்படி கூலி வரவில்லை என்று மறுபடி போராட்டம் என்பதும் இந்த ஊருக்குப் பழகிய சுற்று. வேலை தெரிந்தவன் கையில் விலை இல்லை. சோழமண்டலத்துக்காரர்கள் நூலையும் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள். எந்தத் துணி, என்ன படம், என்ன விலை என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

அதற்கும் ஒரு விலை உண்டு. விற்கிற வடிவத்தையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கைவேலை மெல்ல மெல்ல முழுநாளையும் தின்றுவிடும். கூடி வாழ்ந்தால் எல்லோரும் தப்பிவிடலாம் என்பதும் இல்லை. கனவு நகரங்களைக் கோடுகளால் கட்டிய கே. ராமானுஜம் அங்கே வாழ்ந்தவர்தான். 1973இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். பணிக்கர் 1977இல் காலமானார். அவர் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பத்தில் தனக்கென ஓர் இடம் பிடித்தார். அந்தக் கடலோரம் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விலை உயர்ந்த மனை. கையில் காசில்லாத இளம் ஓவியர்கள் கூடி அங்கே பத்து ஏக்கர் வாங்குவது இனி நடக்காது.

ஆகவே சோழமண்டலத்தை அப்படியே இங்கே நட முடியாது. அதன் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கொங்கு வட்டாரத்தில் வரையத் தெரிந்த கைகளுக்கு வேலை இல்லாமல் இல்லை. திருப்பூர் பனியன்களுக்கு அச்சு டிசைன் வேண்டும். எம்பிராய்டரிக்கு வரைபடம் வேண்டும். ஃபிளக்ஸ் வரும்வரை சுவரும் சினிமா பேனரும் சோறு போட்டன. கோவை ஓவியர் ஜீவா அந்த பேனர் மரபில் வந்தவர்தான். இந்த வேலைகளில் எதுவும் கேவலமில்லை. பணிக்கரே தந்தி இலாகாவில் இருந்தவர். கேட்க வேண்டியது வேறு: வேலை முடிந்தபின் மிஞ்சுகிற பொழுது யாருடையது? பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வருபவனிடம் பொழுது இருக்கலாம், கண் இருக்காது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவிய ஆசிரியர்களும் அதில் உண்டு. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். காகிதத்தில் பார்த்தால் பணிக்கரின் கணக்குதான்: கொஞ்சம் வேலை, மிச்சம் ஓவியம். அந்தச் சம்பளத்தில் மிச்ச அரைநாட்களும் வேறொரு பிழைப்புக்கே போகும் என்பதுதான் வித்தியாசம்.

“இதை வெச்சு என்னங்க பண்றது?” என்ற கேள்விக்கு, பெரிய ஓவியன் ஆவான் என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. மாதம் எவ்வளவு வேண்டும், அதை எத்தனை மணி நேரத்தில் ஈட்டலாம், விலையை யார் சொல்வது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்துச் சொல்லலாம். தறிக் கணக்கு நோட்டு இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு. அதில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.