முப்பது நாளைத் தவறவிடாதீர்கள்

தீபாவளி வியாபாரம் ஓய்ந்ததும் கடைகளில் கேட்கும் பேச்சு இது: “நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்.” ஜவுளிக்கடையில் நான்கு வருடம் கால்கடுக்க நின்ற பெண், பாதி மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, மேனேஜர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார். ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்பதுதான் அந்தத் தாளில் இருக்கிறது. பாதி வழக்கு அங்கேயே தோற்றுவிடுகிறது.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றி நீக்கக்கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம். ஒழுங்கீனக் குற்றச்சாட்டை விசாரித்து, சாட்சியத்தைப் பதிவு செய்து நீக்கினால் மட்டுமே நோட்டீஸ் தேவையில்லை. “கல்லாவில் பணம் குறைகிறது” என்று முதலாளி கத்துவது விசாரணை ஆகாது.

நீக்கப்பட்டவர்கள் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு; அடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு. மனு மேசை மேசையாக நகர்கிறது. ‘தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள்’ என்று சொல்லி அனுப்ப ஓர் அதிகாரிக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அங்கே மேல்முறையீடு செய்ய, நீக்க உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது.

உத்தரவே தராமல் வாய்வார்த்தையில் விரட்டினால், அன்றைக்கே முதலாளிக்குக் கடிதம் எழுத வேண்டும்: இன்ன தேதியில் வரவேண்டாம் என்றீர்கள், வேலைக்கு வர நான் தயார், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. எனவே ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையும் கேட்டு அனுப்ப வேண்டும். ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்ன தேதியிலிருந்தே 30 நாளை எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

வேலை பார்த்ததற்கு பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு எல்லாம் சான்று. இவை எதுவும் இல்லாதவருக்கு மேனேஜரின் வாட்ஸ்அப் செய்திகள் கைகொடுக்கும், அழித்துவிடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கும் இந்த வழி பொருந்தாது. கடை ஊழியருக்குப் பொருந்தும். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முப்பதாம் நாள்வரை காத்திராமல் இந்த வாரமே துணை ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள்.