பரம்பரைப் புற்றுநோயும் மரபியல் ஆலோசனையும்

மரபியல் ஆலோசனை என்பது ஒரு குடும்பத்தில் தலைமுறைகளாகத் தொடரக்கூடிய நோயின் வாய்ப்பை மதிப்பிட்டு, மரபணுச் சோதனையின் பயனையும் எல்லையையும் விளக்கி, குடும்பத்தார் முடிவெடுக்க உதவும் மருத்துவச் சேவை ஆகும். புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 விழுக்காடு பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பிறழ்வால் ஏற்படுகின்றன. இவற்றில் ஒருவரின் சோதனை முடிவு அவருடைய உறவினர்களுக்கும் பொருந்தக்கூடும்.

மரபணுக்கள்

1994-இல் பிஆர்சிஏ1, 1995-இல் பிஆர்சிஏ2 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. சேதமடைந்த டி.என்.ஏ-வைச் சீராக்குவது இவற்றின் பணி. இவற்றுள் ஒன்றில் பிறழ்வு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 விழுக்காடு. சூலகப் புற்றுநோய் வாய்ப்பும் உயர்கிறது. தாய், தந்தை இருவரில் எவரிடமிருந்தும் பிறழ்வு வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனாயினும் மகளாயினும், அது செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு.

தமிழ்நாட்டில்

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், 2003 முதல் தென்னிந்திய நோயாளிகளின் பிஆர்சிஏ பிறழ்வுகள் குறித்த ஆய்வுகளை வெளியிட்டுள்ளது. ஐரோப்பிய வழி யூதர்களிடம் பரவலாக அறியப்பட்ட 185டெல்ஏஜி என்னும் பிறழ்வு தென்னிந்தியக் குடும்பங்களிலும் காணப்படுகிறது.

ஆலோசனை முறை

ஆலோசகர் முதலில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தைத் தயாரிக்கிறார். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் வந்தது என்பது அதில் குறிக்கப்படும். இயன்றவரை நோய் வந்தவரே முதலில் சோதிக்கப்படுகிறார். பிறழ்வு தெரிந்தபின் உறவினரிடம் அதை மட்டும் தேடினால் போதும். சில முடிவுகள் பொருள் தெளிவற்றவையாக அமையும். அவற்றை மட்டும் நம்பி அறுவை சிகிச்சை செய்வதில்லை.

உறவுத் திருமணம்

அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தால்தான் இப்புற்றுநோய் வருகிறது என்பது தவறான கருத்து. ஒரு பெற்றோரிடமிருந்து வரும் ஒரு பிறழ்வே வாய்ப்பை உயர்த்தும். எனினும் கணவன், மனைவி இருவருக்கும் பிஆர்சிஏ2 பிறழ்வு இருந்து, குழந்தை இரண்டையும் பெற்றால், ஃபான்கோனி இரத்தசோகை என்னும் கடும் நோய் ஏற்படும். எனவே உறவுமுறைகளைச் சரியாகப் பதிவது முக்கியம்.

முடிவுக்குப் பின்

பிறழ்வு உள்ள பெண்களுக்கு 25 வயது முதல் ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ பரிந்துரைக்கப்படுகிறது. சூலகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய நம்பகமான சோதனை இல்லை. ஆகவே பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ளோர்க்கு, குழந்தைப்பேறு முடிந்தபின், 35 முதல் 40 வயதுக்குள் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றும் அறுவை சிகிச்சை முன்வைக்கப்படுகிறது. நோய் வந்தவர்களில் தகுதியுடையோர்க்கு ஓலாபரிப் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன.

தகவலைப் பகிர்தல்

மகளின் திருமணம் தடைபடும் என்ற அச்சத்தால் முடிவை உறவினரிடம் மறைப்போர் உண்டு. நோயாளியின் ஒப்புதலின்றி ஆலோசகர் பிறரிடம் அதைத் தெரிவிப்பதில்லை. மறைத்தால் தங்கைக்கோ அண்ணன் மகளுக்கோ முன்கூட்டியே காத்துக்கொள்ளும் வாய்ப்பு போய்விடும் என்பதை எடுத்துரைத்து, யாரிடம் எப்படிச் சொல்வது என்று வழிகாட்டுகிறார். பிறழ்வு என்பது நோய் அன்று, நோய் வரும் வாய்ப்பே என்பதைக் குடும்பத்தார்க்குப் புரியவைப்பதும் அவரது பணியாகும்.